தொட்டுப் பார்த்தால்தான் தெரியும் பக்கவாதம்

இரும்பையின் சேரிப் பகுதியிலிருந்து புதுச்சேரிக்குச் சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். வயது நாற்பத்தைந்து இருக்கும். காலை ஏழு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது சோற்றுத் தூக்கு கையிலிருந்து நழுவி விழுகிறது. குனிந்து எடுக்கப் பார்க்கிறார், விரல்கள் மூட மறுக்கின்றன. பக்கத்தில் நிற்பவரிடம் சொல்ல வாயெடுத்தால் நினைத்த சொல் வரவில்லை. முகம் பெரிதாகக் கோணவில்லை. கால் நடக்கிறது. "ராத்திரி சரியா சாப்பிட்டிருக்க மாட்ட" என்று உட்காரவைத்துச் சோடா வாங்கிக் கொடுக்கிறார்கள். பத்து மணிக்கு ஒரு கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏறுகிறது. சத்துக் குறைவு என்று சொல்லி ஊசி போட்டு அனுப்புகிறார்கள். மறுநாள் பெரிய மருத்துவமனைக்குப் போகும்போது, "நேற்றே வந்திருக்க வேண்டும்" என்கிறார் மருத்துவர்.

இது நாம் எண்ணிப் பார்க்கும் ஒரு காட்சிதான். ஆனால் விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் ஒடுக்கப்பட்ட மக்கள் வாழும் எந்தக் குடியிருப்பிலும் போய் இதைச் சொல்லுங்கள். "எங்க சித்திக்கு இப்படித்தான் ஆச்சு" என்று சொல்ல ஒருவராவது இருப்பார். அந்தச் சித்தியின் கை ஏன் போனது என்று விளக்குவது மருத்துவத்தின் வேலை. அது போகாமல் காத்திருக்க முடியுமா, யார் காக்கத் தவறினார்கள் என்று கேட்பது சாதி ஒழிப்பு இயக்கத்தின் வேலை.

முதலில் மருத்துவத்தைப் பார்ப்போம். பக்கவாதங்களில் பெரும்பாலானவை மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் கட்டி அடைப்பதால் வருபவை. மீதி, குழாய் வெடித்து ரத்தம் கசிவதால் வருபவை. கழுத்து வழியாக ஏறும் பெரிய தமனி மூளைக்குள் நுழைந்ததும் மரம்போலக் கிளை பிரிகிறது. அடிமரத்தில் அடைத்தால் உடலின் ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிடும், வாய் கோணும், பேச்சு நின்றுவிடும். அதை யார் பார்த்தாலும் பக்கவாதம் என்பார்கள். அடிமரத்தைத் தாண்டிய கிளைகளின் விட்டம் ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டரிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வரை இருக்கும். அங்கே அடைப்பதைத்தான் நடுத்தரத் தமனி அடைப்பு என்கிறார்கள். அடைப்பால் வரும் பக்கவாதங்களில் நான்கில் ஒன்று முதல் ஐந்தில் இரண்டு வரை இந்த வகை என்று மருத்துவ ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அரிய நோய் என்று ஒதுக்கிவிட முடியாத அளவு இது.

எந்தக் கிளை அடைபட்டதோ அதற்கேற்ப ஓர் உறுப்பின் ஒரு வேலை மட்டும் போகும். ஒருவருக்குக் கை மட்டும் பிடிப்பற்றுப் போகும். இன்னொருவருக்குக் கை கால் நன்றாக இருக்கும், ஆனால் நாம் பேசுவது புரியாது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார். மூளையின் முன்பக்கக் கிளை அடைபட்டால் ஒரு கால் மட்டும் இழுக்கும். பின்பக்கக் கிளை அடைபட்டால் பார்வையில் பாதிப் பக்கம் இருண்டுபோகும். சாலையைக் கடக்கும்போது ஒரு பக்கத்து வண்டி தெரியாது. முகம், கை, பேச்சு என்று விளம்பரப் பலகைகளில் சொல்லிக்கொடுக்கும் மூன்று அடையாளங்களில் கால் இழுப்பதும் பாதிப் பார்வை போவதும் அடங்காது. அதனால்தான் திடீர்த் தடுமாற்றத்தையும் திடீர்ப் பார்வைக் குறைவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறார்கள்.

இந்தக் கட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? சாதாரண சி.டி. ஸ்கேனில் நடுத்தரத் தமனியின் அடைப்பு பெரும்பாலும் தெரியாது. சாய மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராமில்தான் குழாய் எங்கே அறுந்து நிற்கிறது என்று பார்க்க முடியும். அதிலும் சிறிய கிளை என்றால் பழகிய கண்ணுக்கே தப்பும். எந்தப் பகுதிக்கு ரத்தம் குறைவாகப் போகிறது என்று வரைபடமாகக் காட்டும் கருவிகள் பெரிய மருத்துவமனைகளில் இருக்கின்றன. அவை உதவும். ஆனால் கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுக்கக் கட்டியைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூளையில் ரத்தக் கசிவு இல்லை என்று சாதாரண சி.டி. காட்ட வேண்டும். சர்க்கரை தாழ்ந்து போனதால் வந்த மயக்கம் இல்லை என்று ஒரு சொட்டு ரத்தத்தில் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம் 185/110-க்குக் கீழே இருக்க வேண்டும். ரத்தப்போக்கு ஆபத்தை உண்டாக்கும் வேறு காரணங்கள் இல்லை என்று கேட்டறிய வேண்டும். நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து நான்கரை மணி நேரம் கடக்காமல் இருக்க வேண்டும். அப்புறம் ஒரு மருத்துவர், நோயாளியைத் தொட்டு, "என் விரலை இறுக்கிப் பிடி" என்று சொல்லிப் பார்க்க வேண்டும்.

கட்டியைக் கரைக்கும் மருந்து புதிதில்லை. ஆல்டெப்ளேஸ் மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் உண்டு என்று 1995இல் நிறுவினார்கள். நான்கரை மணி நேரம் வரை கொடுக்கலாம் என்பது 2008இல் உறுதியானது. அடுத்து வந்த டெனெக்டெப்ளேஸை ஒரே ஊசியில் நொடிகளில் செலுத்திவிடலாம், ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டியதில்லை. இந்தியாவில் பக்கவாதத்துக்கு அது பயன்பாட்டில் உள்ளது. நூற்றில் சிலருக்கு மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்து இந்த மருந்துகளில் உண்டு. ஆகவே கவனம் வேண்டும், ஆனால் பயந்து மறுப்பதற்கு அது காரணமாகாது.

தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாகக் கம்பியை மூளைவரை செலுத்திக் கட்டியைப் பிடித்து இழுக்கும் சிகிச்சை 2015இல் பெரும் வெற்றி பெற்றது. ஐந்து ஆய்வுகள் ஒரே ஆண்டில் வந்தன. பெரிய தமனி அடைத்தவர்களில் பலரை அது எழுந்து நடக்க வைத்தது. அதே கம்பியை நடுத்தரத் தமனிக்கும் செலுத்தினால் என்ன என்ற கேள்வி பத்தாண்டு காலம் இருந்தது. 2025 பிப்ரவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எஸ்கேப்-மீவோ, டிஸ்டல் என்ற இரண்டு ஆய்வுகள் பதில் சொல்லின. ஒவ்வொன்றிலும் ஐந்நூறுக்கு மேற்பட்ட நோயாளிகள். எஸ்கேப்-மீவோவில் கம்பிச் சிகிச்சை பெற்றவர்களில் 41.6 விழுக்காட்டினர் ஏறக்குறைய முழுமையாக மீண்டார்கள். மருந்துச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் மீண்டவர்கள் 43.1 விழுக்காடு. மூன்று மாதத்துக்குள் இறந்தவர்கள் முதல் பிரிவில் 13.3 விழுக்காடு, இரண்டாவதில் 8.4 விழுக்காடு. டிஸ்டல் ஆய்விலும் கம்பியால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. இரண்டு ஆய்வுகளிலும் இரு பிரிவினரிலும் பாதிக்கு மேற்பட்டோர் கரைக்கும் மருந்தை முன்பே பெற்றிருந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

சில தனி நோயாளிகளுக்குக் கம்பி உதவலாம், அந்த விவாதம் மருத்துவர்களிடையே தொடர்கிறது. பெரிய தமனி அடைப்புக்கு அது தேவை என்பதில் மாற்றமில்லை, அந்த வசதியைக் கேட்டுப் போராடுவதும் நம் கடமை. ஆனால் நடுத்தரத் தமனி அடைத்த பெரும்பாலோருக்கு இன்று நிறுவப்பட்ட சிகிச்சை, நேரத்தோடு கொடுக்கும் மருந்தும் நல்ல கவனிப்பும்தான். அதாவது, பல கோடி ரூபாய்க் கருவி அறையும் அதை இயக்கும் நிபுணரும் இல்லை என்பதை அரசு இங்கே சாக்காகச் சொல்ல முடியாது. சி.டி. கருவி, ஒரு குப்பி மருந்து, தொலைபேசியில் ஒரு நரம்பியல் மருத்துவர், நோயாளியை நம்பும் ஒரு பணி மருத்துவர் போதும். இவை தாலுகா அளவில் அமையக் கூடியவை. அமைந்தும் ஒடுக்கப்பட்டவருக்கு எட்டவில்லை என்றால் தடையாக நிற்பது எது?

இதே மாவட்டத்தில்தான் மேல்பாதி இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்கள் நுழையக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் நின்றதால் 2023 ஜூன் மாதம் அரசே கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தது. 2011 கணக்கெடுப்பின்போது, கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முன்பிருந்த விழுப்புரம் மாவட்டத்தில், பட்டியல் சாதி மக்கள் ஏறத்தாழ 29 விழுக்காடு. பத்தில் மூன்று பேர் கோயில் வாசலில் தடுக்கப்படும் ஒரு சமூகத்திலிருந்து வருகிறவர்கள்தாம் மருத்துவமனையில் சீட்டு எழுதுகிறார்கள், படுக்கையைத் தள்ளுகிறார்கள், ஊசி போடுகிறார்கள். மருத்துவமனை வாசலில் அவர்கள் சாதியைச் செருப்போடு கழற்றி விட்டுவிட்டு உள்ளே போகிறார்கள் என்று நம்ப நம்மிடம் காரணம் இல்லை.

நடுத்தரத் தமனி அடைப்பு தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு கையையும் நீட்டச் சொல்லி எது தாழ்கிறது என்று பார்க்க வேண்டும். உள்ளங்கையைப் பிடிக்க வேண்டும். காலை அழுத்தித் தள்ளச் சொல்ல வேண்டும். பாதத்தைக் கீறிப் பார்க்க வேண்டும். கண் முன்னால் விரலை ஆட்டி இரு பக்கமும் தெரிகிறதா என்று கேட்க வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடி, "என்னம்மா செய்யுது?" என்று கேட்டு மருந்துச் சீட்டு எழுதுகிறவருக்கு இந்த நோய் அகப்படாது. தீண்டாமை என்பதற்கு நேர்ப்பொருளே தொடாமை. கிணற்றிலும் கோயிலிலும் தேநீர்க் கடையிலும் நாம் கண்ட அந்தத் தொடாமை, புறநோயாளி அறையில் நிகழும்போது அதற்கு யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை.

அடுத்தது குடி. நாக்கு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது, கேட்டதற்குப் பதில் பொருத்தமாக இல்லை என்றால் அது பக்கவாதமாகவும் இருக்கலாம், போதையாகவும் இருக்கலாம். உலகம் முழுவதும் மருத்துவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டது உண்டு. வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் குழறினால் குடும்பத்தார் சொல்வதைக் கேட்டு ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். கல் குவாரித் தூசி படிந்த சட்டையோடு ஒருவர் குழறினால், "போதை தெளிஞ்சதும் கூட்டிட்டு வா" என்பார்கள். தெளிவதற்குக் காத்திருக்கும் நேரத்தில்தான் மூளை சாகிறது. அடைப்பு தொடரும் ஒவ்வொரு நிமிடமும் சராசரியாகப் பத்தொன்பது லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006இல் வெளிவந்த ஒரு கணக்கு மருத்துவ உலகில் இன்றும் சொல்லப்படுகிறது. அது பெரிய தமனிக்கான கணக்கு. சிறு கிளையில் வேகம் குறையலாம், திசை அதேதான். குடித்திருந்தாலும்கூட ஒருவருக்குப் பக்கவாதம் வரும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மூன்றாவது, எது லேசான பாதிப்பு என்ற தீர்ப்பு. கரைக்கும் மருந்தை யாருக்குக் கொடுப்பது என்பதில் ஒரு விதி உண்டு. முடக்காத லேசான பாதிப்பு என்றால் மருந்தால் கூடுதல் பலன் இல்லை, ஆபத்து மட்டும் மிஞ்சலாம் என்று 2018இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே பாதிப்பு முடக்கக் கூடியதா என்பதே முதல் கேள்வி. முடக்கம் என்பதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் விளக்கம் தெளிவானது. குளிக்க, நடக்க, கழிப்பறை போக, சாப்பிட முடியாமை மட்டுமல்ல, செய்துவந்த வேலைக்குத் திரும்ப முடியாமையும் அதில் அடங்கும்.

செய்துவந்த வேலை. இந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. மதிப்பெண் பட்டியலில் ஒரு கையின் பலவீனத்துக்கு ஒன்றோ இரண்டோ புள்ளிதான் ஏறும். வாடகை வருமானத்தில் வாழ்கிறவருக்கு இடது கை பிடிப்புக் குறைந்தால் அது ஒரு தொல்லை. செங்கல் சுமக்கிறவருக்கும், கரும்பு வெட்டுகிறவருக்கும், முந்திரிக் கொட்டை உடைக்கிறவருக்கும், விடுதியில் அறை துடைக்கிறவருக்கும் அது அன்றோடு கூலி நின்றுபோவது. மழை நீர்க் கால்வாயில் இறங்கும் தூய்மைப் பணியாளருக்குப் பாதிப் பார்வை போவது உயிரே போவது. ஆகவே, "நீங்க என்ன வேலை செய்யறீங்க?" என்பது மரியாதைக்குக் கேட்கும் கேள்வி இல்லை, அது நோய் அறியும் கேள்வி. அதைக் கேட்காமல், "லேசாத்தான் இருக்கு, தானா சரியாகிடும்" என்று மாத்திரை கொடுத்து அனுப்புவது, ஒருவருடைய உழைப்பைக் கணக்கில் எடுக்காமல் தீர்ப்பு எழுதுவது.

பேச்சும் அப்படித்தான். பேச்சுக் குறைபாட்டைச் சோதிக்கப் படத்தைக் காட்டிப் பெயர் கேட்பார்கள், எழுதிய வரியைப் படிக்கச் சொல்வார்கள். படிக்காத ஒரு மூதாட்டி விழித்தால், "இவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது" என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அதிகாரத்தின் முன்னால் வாய் திறக்காமல் இருக்கத் தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்ட ஒருவர் மருத்துவர் முன்னால் பேசாமல் நின்றால் அது பயமா, பேச்சு போனதா? கூட வந்த மகளைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவாள்: "எங்க அம்மா வாய் ஓயாது சார்." மகளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டால் அந்தப் பதில் கிடைக்காது.

இனி நேரம். இரும்பை தேவாரப் பாடல் பெற்ற தலம், கடுவெளிச் சித்தர் சாபமிட்ட ஊர் என்றெல்லாம் பெருமை பேசுவார்கள். நமக்கு வேண்டியது தூரக் கணக்கு. புதுச்சேரி கோரிமேட்டில் ஒன்றிய அரசின் ஜிப்மர் மருத்துவமனை பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், வடக்கே திண்டிவனம் அரசு மருத்துவமனையும் தலா முப்பது கிலோமீட்டர் அளவில் உள்ளன. எதற்கும் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். நான்கரை மணி நேரம் போதாத தூரம் இல்லை. அந்த நேரத்தைத் தின்பது சாலை இல்லை. மேஸ்திரி விடுப்பு தருவாரா என்ற யோசனை, அன்றைய கூலி, வட்டிக்குக் கேட்டு வாங்கும் ஆயிரம் ரூபாய், முதலில் போகும் தவறான இடம், அங்கிருந்து அடுத்த இடம், அங்கே வரிசை. வாதம் என்றால் புறா ரத்தம் தேய்க்கச் சொல்லும் மூடநம்பிக்கையும் இந்த நேரத்தைத் தின்கிறது. அதைக் கண்டிப்பது நம் கடமை. புறா ரத்தக்காரர் தொட்டுத் தேய்க்கிறார், அதட்டுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நம் கண்டனம் பாதி உண்மைதான்.

நெஞ்சுவலிக்கு ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2023இல் கொண்டுவந்தது. நல்ல திட்டம். அதைப் பக்கவாதத்துக்கு அப்படியே பெயர்த்துவைக்க முடியாது. ஸ்கேன் எடுக்குமுன் ஆஸ்பிரின் கொடுத்து, உள்ளே இருப்பது கசிவு என்றால், கேடு கூடும். ஆகவே பக்கவாதத்தில் முதலுதவி மாத்திரை கிடையாது, 108 வண்டிதான் முதலுதவி. எந்த மருத்துவமனையில் இந்த நேரத்தில் சி.டி. ஓடுகிறது, மருந்து இருக்கிறது என்று தெரிந்து நேராக அங்கே போகும் வண்டி வேண்டும். அது சேரித் தெருவுக்குள் திரும்பும் அகலத்தில் சாலையும் வேண்டும்.

தொலைபேசியின் மறுமுனையில் இருக்க வேண்டிய நரம்பியல் மருத்துவர் யார் என்பதும் நம் கேள்வி. டி.எம். போன்ற உயர்சிறப்புப் படிப்புகளில் சாதிவாரி இடஒதுக்கீடு இல்லை. 1992 மண்டல் தீர்ப்பே அங்கே இடஒதுக்கீடு உகந்ததல்ல என்று எழுதியது. அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்குத் தமிழ்நாடு ஒதுக்கும் 50 விழுக்காடு இடங்கள்தாம் இன்று ஓரளவு காப்பு. வானூரிலும் மரக்காணத்திலும் பிறந்தவர் நரம்பியல் படிக்க வழி இல்லாதவரை, முந்திரி உடைக்கும் கைக்கு எது முடக்கம் என்று கற்றுக்கொடுக்க ஒவ்வொரு முறையும் நாம் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.

அடைப்பு வராமல் தடுப்பதும் சாதியோடு தொடர்புடையதுதான். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப்படாமலே ஓடும் உடல்களில்தான் கட்டி உருவாகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போய் இரவு வருகிறவரின் கதவு பகலில் பூட்டியிருக்கும் என்பதை அந்தத் திட்டம் கணக்கில் எடுக்க வேண்டும். சிறு வயதில் நெரிசலான வீடுகளில் தொண்டைத் தொற்று கவனிக்கப்படாமல் போவதால் வரும் முடக்குவாத இதய நோய், ஏழைகளின் நோய். அந்த இதயத்திலிருந்து கிளம்பும் கட்டி இளம் பெண்களின் மூளையில் போய் அடைக்கிறது.

நாம் கேட்பவை இவை. விழுப்புரம் மாவட்டத்தின் ஒவ்வொரு தாலுகாவிலும் ஓர் அரசு மருத்துவமனையிலாவது இரவும் பகலும் சி.டி. இயங்க வேண்டும், கரைக்கும் மருந்து இலவசமாக இருப்பில் இருக்க வேண்டும், மருத்துவக் கல்லூரி நரம்பியல் துறையோடு தொலைபேசித் தொடர்பு இருக்க வேண்டும். பக்கவாதச் சீட்டில் நோயாளியின் வேலை என்ன என்பதை எழுதும் கட்டம் இருக்க வேண்டும். போதை என்று எழுதுமுன் சர்க்கரையும் ஸ்கேனும் பார்த்தாக வேண்டும். கைப் பயிற்சி தரும் இயன்முறை மருத்துவர் குடியிருப்புக்கே வர வேண்டும்.

தோழர்கள் செய்யக் கூடியதும் உண்டு. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு போடுங்கள். உங்கள் பகுதி அரசு மருத்துவமனையில் கடந்த ஓராண்டில் பக்கவாதத்தோடு வந்தவர்கள் எத்தனை பேர், நான்கரை மணி நேரத்துக்குள் வந்தவர்கள் எத்தனை பேர், கரைக்கும் மருந்து பெற்றவர்கள் எத்தனை பேர், இரவு எட்டு மணிக்கு மேல் சி.டி. எடுக்கப்பட்ட நாட்கள் எத்தனை என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வரும் எண்களைக் கிளைக் கூட்டத்தில் வாசியுங்கள். அடுத்த வாரம் உங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் இதைச் சொல்லுங்கள்: திடீரென்று கை நழுவினால், சொல் குழறினால், கால் இழுத்தால், பாதிப் பார்வை இருண்டால் சோடா வேண்டாம், குளுக்கோஸ் வேண்டாம், 108-ஐக் கூப்பிடு, மணி எத்தனை என்று பார்த்து வை. மருத்துவர் தொட்டுப் பார்க்கவில்லை என்றால், "விரலைப் பிடிக்கச் சொல்லிப் பாருங்க டாக்டர், இவர் கையாலதான் எங்க வீடு ஓடுது" என்று கேள். அப்படிக் கேட்பது உன் உரிமை.